அழைப்புக்கு இவ்வளவு என்று விலை பேசாதீர்கள்

கேள்வி: நான் ஒரு சிறிய நகர்மன்றத்தின் உறுப்பினர். எங்கள் நகரத்துக்கும் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் சேர்த்து ஒரே ஓர் ஆம்புலன்ஸ்தான். அழைத்தால் வந்து சேர இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அது வரும்வரை நோயாளியைக் கவனிக்க ஒரு மருத்துவ முதலுதவிக் குழுவை ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தலாம் என்று மன்றத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்று தரப்பினர் முன்வந்திருக்கிறார்கள். ஒரு தன்னார்வக் குழு ஆண்டு மானியம் கேட்கிறது. ஒரு தனியார் நிறுவனம், மன்றம் ஒரு காசும் தர வேண்டாம், நோயாளிகளிடம் வசூலித்துக்கொள்கிறோம் என்கிறது. தீயணைப்பு நிலையத்தினர், கூடுதல் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தால் தாங்களே செய்வதாகச் சொல்கிறார்கள். எங்கள் நிதிக் குழுத் தலைவரோ, யாரை அமர்த்தினாலும் அழைப்புக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதும், சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எதற்குப் பணம் என்று கேட்கிறார். யாரைத் தேர்ந்தெடுப்பது? ஒப்பந்தத்தில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: மதிப்பிற்குரிய உறுப்பினர் அவர்களுக்கு வணக்கம்.

நிதிக் குழுத் தலைவரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூன்று தரப்பில் யார் என்பதைவிட அந்தக் கேள்விக்கு மன்றம் என்ன விடை சொல்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகிறது. என் விடை இதுதான்: நீங்கள் பணம் கொடுக்கப் போவதே அந்த ‘சும்மா உட்கார்ந்திருப்பதற்கு’த்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் பகுதியில் நாளுக்கு இரண்டு அழைப்புகள் வருகின்றன என்றும், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் எடுக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மீதி 22 மணி நேரம் குழு காத்திருக்கிறது. ஆனால் அந்த இரண்டு அழைப்புகள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே 24 மணி நேரமும் ஆள் இருந்தாக வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 40 மணி நேரம் பணி செய்தால், ஒரே ஓர் இருக்கையை நிரப்ப நான்கு பேருக்கு மேல் வேண்டும். விடுப்பு, உடல்நலக் குறைவு, பயிற்சி நாட்கள் எல்லாம் சேர்ந்தால் ஐந்து பேர். குழுவுக்கு இருவர் என்றால் பத்துப் பேர். நாளுக்கு இரண்டு அழைப்பு வந்தாலும் நான்கு வந்தாலும் இந்தப் பத்துப் பேரின் சம்பளம் மாறாது. கையுறை, ஆக்சிஜன், எரிபொருள் ஆகிய சில்லறைச் செலவுகள் மட்டுமே அழைப்போடு ஏறி இறங்குபவை.

இப்படிப்பட்ட செலவை அழைப்புக் கட்டணமாக மாற்றினால் என்ன நடக்கும்? அழைப்புகள் குறைந்த மாதத்தில் ஒப்பந்ததாரருக்குக் கை நஷ்டம். அவர் முதலில் கைவைப்பது இரவு ஷிப்டில்தான், ஏனென்றால் இரவில் ஆள் குறைந்ததைப் பகலில் யாரும் கவனிப்பதில்லை. அழைப்புகள் கூடிய மாதத்திலோ, கூடுதல் செலவே இல்லாத வேலைக்கு மன்றம் கூடுதல் பணம் கொடுக்கும். இரண்டிலும் உங்களுக்குத்தான் இழப்பு.

உங்கள் தலைவரின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. ஆண்டு மானியம் என்று ஒரு தொகையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அது எங்கே போனது என்று தெரியாமல் இருப்பது பொதுப் பணத்துக்குச் செய்யும் துரோகம். அதற்கு நடுவழி ஒன்று உண்டு: ஆள் இருந்த மணி நேரத்துக்குப் பணம் கொடுங்கள். பயிற்சி பெற்ற இருவர், சரிபார்க்கப்பட்ட கருவிகளோடு, கட்டுப்பாட்டு அறையில் ‘தயார்’ என்று பதிவு செய்திருந்த மணி நேரங்களை மட்டும் எண்ணுங்கள். ஒருவர் மட்டும் இருந்தால் அந்த மணி நேரம் கணக்கில் வராது. வண்டி பழுதில் நின்ற மணி நேரமும் வராது. பயன்படுத்திய பொருட்களுக்குத் தனியாக ஒரு சிறு தொகை. இதைத் தணிக்கை செய்வது எளிது. ‘சும்மா இருந்ததற்கா பணம்’ என்ற கேள்விக்கும் மன்றத்தில் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

அந்தக் காத்திருப்பு ஏன் அவ்வளவு விலையுள்ளது என்பதை மன்றத்தில் மருத்துவம் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். இதயம் நின்றுபோன ஒருவருக்கு நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். சிகிச்சையும் ஏ.இ.டி. கருவியின் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைத்துவிடுகிறது. இருபது நிமிடம் என்றால் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். தொடையில் பெரிய நாளம் அறுந்து இரத்தம் பீறிட்டால், தொண்டையில் உணவு அடைத்துக்கொண்டால், அதற்கும் சில நிமிடங்கள்தான். ஐந்தாவது நிமிடத்தில் வரும் எளிய பயிற்சி பெற்ற இரண்டு பேர், இருபத்தைந்தாவது நிமிடத்தில் வரும் முழு வசதி கொண்ட வண்டியைவிட இந்த நோயாளிகளுக்குப் பெரியவர்கள். அதே சமயம், வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இவ்வளவு கடுமையானவை அல்ல. விழுந்தவர்கள், மூச்சுத் திணறல், வலிப்பு, சர்க்கரை குறைந்து மயங்கியவர்கள் என்றுதான் இருக்கும். குழு ஓராண்டில் எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்று மட்டும் கேட்டு மதிப்பிடத் தொடங்கினால் மனம் சோர்ந்துவிடுவீர்கள்.

இனி அந்த மூவரைப் பற்றி.

இலவசமாகச் செய்வதாகச் சொல்லும் நிறுவனத்திடம்தான் நான் மிகவும் எச்சரிக்கையாக இருப்பேன். இந்தத் துறையில் பணம் எப்போதும் நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டியின் பின்னால்தான் போகிறது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் ஆம்புலன்ஸ் கட்டண முறை, நோயாளியை ஏற்றிச் சென்றால்தான் பணம் தரும் விதத்தில் அமைந்தது. முதலில் ஓடி வந்து நெஞ்சை அழுத்தியவருக்கு அதில் பங்கு கிடையாது. உலகின் பல இடங்களிலும் இதே நிலைதான். ஆகவே முதலுதவி மட்டும் செய்யும் ஒரு நிறுவனம் நோயாளிகளிடம் வசூலித்தே பிழைப்பேன் என்று சொன்னால், இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, கட்டணம் கடுமையாக இருக்கும். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு இப்படி பில் வந்தது என்று கேள்விப்பட்டவர்கள் அடுத்த முறை நெஞ்சுவலி வந்தால் அழைக்கத் தயங்குவார்கள். அல்லது, ஓராண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, கட்டுப்படியாகவில்லை என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்போது மன்றத்திடம் வண்டியும் இருக்காது, ஆளும் இருக்காது. காப்பீடு உள்ளவர்களின் காப்பீட்டு நிறுவனத்திடம் பின்னால் வசூலிப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த வருமானம் மன்றத்தின் கணக்குக்கு வரட்டும். ஒப்பந்ததாரரின் பிழைப்பு அதை நம்பி இருக்கக்கூடாது.

தன்னார்வலர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பிரிட்டனில் ஆம்புலன்ஸ் சேவைகளோடு இணைந்து இயங்கும் சமூக முதலுதவித் தன்னார்வலர்கள், தங்கள் வீட்டிலிருந்தே அழைப்பை ஏற்று, ஊருக்குள் முதலில் போய்ச் சேருகிறார்கள். உங்கள் சிற்றூர்களுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். ஆனால் ஊதியம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று மன்றம் நினைத்துவிடக் கூடாது. பயிற்சி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மறுபயிற்சி, விபத்துக் காப்பீடு, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, எரிபொருள், கருவிகள், கோரமான மரணத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு மனநல ஆலோசனை ஆகிய அனைத்துக்கும் நிதி ஒதுக்க வேண்டும். இன்னொன்று, தன்னார்வலர்கள் மாலையிலும் விடுமுறையிலும் நிறையக் கிடைப்பார்கள். வேலை நாட்களில் பகல் நேரத்தில் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பகல் நேரத்து ஓட்டையை யார் அடைப்பது என்று அவர்களிடம் நேராகக் கேளுங்கள். மனம் கோணாமல் பதில் சொல்வார்கள், அவர்களுக்கே அது தெரிந்த விஷயம்தான்.

தீயணைப்பு நிலையத்தின் பெரிய பலம், அங்கே ஏற்கெனவே 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள் என்பது. நீங்கள் புதிதாக வாங்க வேண்டிய காத்திருப்பில் ஒரு பகுதி அங்கே தயாராக இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1970-இல் தொடங்கிய ‘மெடிக் ஒன்’ சேவை இந்த அடிப்படையில்தான் வளர்ந்தது. அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திலிருந்து அடிப்படைப் பயிற்சி பெற்றவர்கள் முதலில் போய்ச் சேர, உயர்பயிற்சி பெற்ற பாராமெடிக்குகள் அடுத்து வருவார்கள். இதய நிறுத்தத்திலிருந்து பிழைப்பவர்களின் விகிதத்தில் உலகம் எடுத்துக்காட்டும் இடங்களில் அது ஒன்று.

என்னைக் கேட்டால், பகலுக்குத் தீயணைப்பு நிலையம், தொலைவிலுள்ள சிற்றூர்களுக்குத் தன்னார்வலர்கள் என்று இரண்டையும் ஒரே கட்டுப்பாட்டு அறையின் கீழ் இணைக்கப் பார்ப்பேன். ஆனால் தீயணைப்பு நிலையத்தோடும் எழுத்து வடிவில் ஒப்பந்தம் வேண்டும். அரசுத் துறைதானே என்று வாய்ப்பேச்சில் விட்டால், அடுத்த நிதி நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது இந்த வேலைதான்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். இங்கேதான் மன்றங்கள் ஏமாறுகின்றன.

‘எட்டு நிமிடத்துக்குள் வர வேண்டும்’ என்று எழுதினால் போதாது. கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? அழைப்பு மணி அடித்தபோதா, முகவரியைக் கேட்டு முடித்தபோதா, குழுவுக்குத் தகவல் போனபோதா, சக்கரம் நகர்ந்தபோதா? எப்போது நிற்கிறது? வண்டி தெருமுனைக்கு வந்தபோதா, நான்காவது மாடியில் நோயாளியின் அருகில் முழங்காலிட்டபோதா? இந்த இரண்டு முனைகளை மாற்றிவைத்தே நான்கைந்து நிமிடங்களை மறைத்துவிட முடியும். நோயாளிக்குக் கடிகாரம், வீட்டார் தொலைபேசியை எடுத்தபோதே ஓடத் தொடங்கிவிட்டது. கட்டுப்பாட்டு அறை அழைப்பை எடுத்த நொடியிலிருந்து எண்ணுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி நேரப் பதிவு கேளுங்கள். அப்போதுதான் தாமதம் அறையிலா, வண்டியிலா, படிக்கட்டிலா என்று தெரியும்.

அடுத்தது சராசரி. சராசரி நேரத்தை எந்த ஒப்பந்தத்திலும் அளவுகோலாக ஏற்காதீர்கள். பத்து அழைப்புகளில் ஒன்பதுக்கு நான்கு நிமிடத்திலும், ஒன்றுக்கு 24 நிமிடத்திலும் போய்ச் சேர்ந்தால் சராசரி ஆறு நிமிடம். அறிக்கையில் அழகாக இருக்கும். அந்தப் பத்தாவது வீட்டுக்காரர் யார் என்பதுதான் கேள்வி. பத்தில் ஒன்பது அழைப்புகளுக்காவது இத்தனை நிமிடத்துக்குள் என்று எழுதுவதே இந்தத் துறையில் நிலைபெற்ற வழக்கம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. நகரத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டால் ஒன்பது எளிதாகக் கிடைத்துவிடும். விடுபடும் அந்த ஒன்று எப்போதும் அதே கடைக்கோடிச் சிற்றூராக இருக்கும். ஆகவே நகரத்துக்கு ஓர் அளவு, சிற்றூர்களுக்கு வேறோர் அளவு என்று பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். சிற்றூருக்குச் சற்றுக் கூடுதல் நேரம் கொடுப்பதில் தவறில்லை. கொடுத்த நேரத்தை அங்கேயும் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

விதிவிலக்குகளையும் எண்ணி எழுதுங்கள். மழை, போக்குவரத்து நெரிசல், தவறான முகவரி என்று தாமதமான ஒவ்வொரு அழைப்பையும் கணக்கிலிருந்து நீக்கக் கோரும் கடிதங்கள் மாதக் கடைசியில் வரும். நெரிசல் இந்த வேலையின் அன்றாடம், அதற்கு விலக்கு கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேரப் பதிவுகளை ஒப்பந்ததாரர் தொகுத்துத் தரும் அறிக்கையாக வாங்காமல், கட்டுப்பாட்டு அறையின் மூலப் பதிவுகளை நேரடியாகப் பெறும் உரிமை மன்றத்துக்கு இருக்க வேண்டும்.

கருவிகளைப் பற்றி ஒன்று. ஒரு மன்றத்தின் ஒப்பந்தத்தைச் சரிபார்க்கப் போயிருந்தபோது, இணைப்பில் ‘ஏ.இ.டி. கருவி: உள்ளது’ என்று எழுதியிருந்தது. வண்டியில் பையைத் திறந்து பார்த்தேன். கருவி இருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. நெஞ்சில் ஒட்டும் பேடுகளின் உறையைத் திருப்பிப் பார்த்தால் காலாவதி ஆகியிருந்தது. அந்தப் பசை உலர்ந்துவிட்டால் தோலில் சரியாக ஒட்டாது, மின்னோட்டம் ஒழுங்காகப் போகாது. அந்தக் குழுவினர் கவனக்குறைவானவர்கள் அல்லர். பேடு மாற்றும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர்கள் மன்றத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே மூன்றை எழுதுங்கள்: யார் வாங்குவது, எத்தனை மாதத்தில் மாற்றுவது, யார் கையெழுத்திட்டுச் சரிபார்ப்பது.

மருத்துவப் பொறுப்பாளர் ஒருவர் இல்லாமல் இந்தச் சேவையைத் தொடங்கவே வேண்டாம். குழு என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதித் தருபவரும், நடந்த சிகிச்சைகளின் பதிவுகளை மாதந்தோறும் படித்துப் பார்ப்பவரும் அவர்தான். அவருக்கு ஊதியத்தை மன்றம் நேரடியாகக் கொடுக்கட்டும். ஒப்பந்ததாரரிடம் சம்பளம் வாங்கும் மருத்துவரால் ஒப்பந்ததாரரின் குறையை எழுத முடியாது.

இப்போது பலரும் மறந்துவிடும் பகுதி: ஒப்பந்தம் முறிந்தால் என்ன ஆகும்?

தென் டென்மார்க் மண்டலத்தில் 2015 செப்டம்பரில் ஆம்புலன்ஸ் சேவையின் பெரும்பகுதியை, ஏலத்தில் வென்ற பயோஸ் என்ற புதிய நிறுவனம் ஏற்றது. பல பத்தாண்டுகளாக அங்கே சேவை செய்துவந்த ஃபால்க் நிறுவனத்தின் பணியாளர்கள் போதிய எண்ணிக்கையில் புதிய நிறுவனத்துக்கு வரவில்லை. ஓராண்டு முடிவதற்குள், 2016 ஜூலையில், பயோஸ் திவாலானது. மண்டல நிர்வாகமே சேவையைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. பணியாளர்களைப் புதிய நிறுவனத்துக்குப் போகவிடாமல் தடுக்க ஃபால்க் மறைமுகப் பிரசாரம் செய்தது என்று டென்மார்க்கின் போட்டி ஆணையம் பின்னர் 2019-இல் தீர்ப்பளித்தது. ஆள் இல்லாத ஏலம் வெறும் காகிதம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் 108 சேவைக்கும் இப்படி ஒரு சோதனை வந்தது. 2005-இல் ஹைதராபாத்தில் அதைத் தொடங்கிய அமைப்பின் பின்னணியில் இருந்த சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரியில் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார். ஆனால் இயக்கச் செலவின் பெரும்பகுதியை ஏற்கெனவே மாநில அரசுகள் ஏற்றிருந்தன. அந்த ஆண்டே ஜி.வி.கே. குழுமம் பொறுப்பேற்றது, சேவை தொடர்ந்தது. பணத்தின் அடித்தளம் பொது நிதியாக இருந்தால், நடத்துபவர் மாறினாலும் வண்டி ஓடும்.

ஆகவே வண்டி, வயர்லெஸ், ஏ.இ.டி. கருவிகள் ஆகியவற்றை மன்றமே வாங்கி, ஒப்பந்ததாரருக்குப் பெயரளவு வாடகையில் கொடுங்கள். தொலைபேசி எண்ணும் நோயாளிப் பதிவுகளும் மன்றத்தின் சொத்து என்று எழுதுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் பணியாளர்கள் அடுத்த ஒப்பந்ததாரரிடம் சேரத் தடை ஏதும் இருக்கக்கூடாது. நாளைக்கே நிறுத்துகிறோம் என்று யாரும் சொல்ல முடியாதபடி ஆறு மாத முன்னறிவிப்பும், மூன்று மாதச் செலவுக்கு ஈடான வங்கி உத்தரவாதமும் கேளுங்கள். தன்னார்வக் குழுவிடம் மட்டும் உத்தரவாதம் கேட்க வேண்டாம், அவர்களால் முடியாது. அவர்களுக்கு முன்பணம் கொடுத்து, காலாண்டுக்கு ஒரு முறை கணக்கு வாங்குங்கள்.

மிகக் குறைந்த தொகை கோரியவருக்கே ஒப்பந்தம் என்ற விதி உங்கள் மன்றத்துக்கு இருந்தால், விலையுறையைத் திறப்பதற்கு முன் தகுதியுறையில் ஆள் பட்டியலைக் கேளுங்கள். பத்துப் பேர் வேண்டிய இடத்தில் ஆறு பேருக்கான சம்பளக் கணக்கைக் காட்டும் ஒப்பந்தப்புள்ளியை அங்கேயே நிராகரிக்கலாம்.

நிதி எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மன்றத்தில் கேட்பார்கள். ஆண்டுதோறும் பொது நிதியிலிருந்து எஞ்சியதைக் கொடுப்பது மிகவும் ஆபத்தான வழி. 1967-இல் பிட்ஸ்பர்க் நகரில் ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. மருத்துவர் பீட்டர் சாஃபர் வகுத்த பயிற்சியில், வேலை வாய்ப்பு மறுக்கப்பட்டிருந்த கறுப்பின இளைஞர்கள் அமெரிக்காவின் முதல் பாராமெடிக்குகளுள் சிலராக உருவானார்கள். சேவையின் தரம் பாராட்டப்பட்டது. ஆனாலும் நகர நிர்வாகத்தின் ஒப்பந்தத்தை நம்பியே அது இருந்தது. 1975-இல் நிர்வாகம் ஒப்பந்தத்தை முடித்துத் தன் சொந்தச் சேவையைத் தொடங்கியது, அந்த இளைஞர்களில் பெரும்பாலோர் ஒதுக்கப்பட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. இதற்கு மாறாக, சியாட்டில் அமைந்துள்ள கிங் கவுண்டியில் 1979 முதல் அவசர மருத்துவத்துக்கென்றே ஒரு தனிச் சொத்து வரி இருக்கிறது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை வாக்காளர்களே வாக்களித்து அதைப் புதுப்பிக்கிறார்கள். எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்த வரியை மக்கள் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பவும் முடியாது. உங்கள் மன்றத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லையென்றால், ஐந்தாண்டுக்கான தொகையை ஒரே தீர்மானத்தில் உறுதி செய்து தனிக் கணக்கில் வைக்கப் பாருங்கள். நன்கொடை வந்தால் கருவிகளுக்குப் பயன்படுத்துங்கள், சம்பளத்துக்கு வேண்டாம்.

டெண்டர் அறிவிப்பை வெளியிடும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையிடம் கடந்த பன்னிரண்டு மாத அழைப்புப் பதிவுகளை, நோயாளிகளின் பெயரை நீக்கிவிட்டு, மன்றத் தலைவரின் கையெழுத்தோடு எழுதிக் கேளுங்கள். எந்தச் சிற்றூர், எந்தக் கிழமை, எத்தனை மணி, என்ன உபாதை, வண்டி எப்போது போய்ச் சேர்ந்தது என்ற ஐந்து விவரங்கள் போதும். அவற்றைக் கிழமைக்கும் மணிக்கும் ஒரு கட்டம், சிற்றூருக்கு ஒரு கட்டம் என்று அடுக்கிப் பார்த்தால், எங்கே தன்னார்வலர் போதும், எங்கே சம்பள ஆள் வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்தக் கட்டங்களையே டெண்டரின் முதல் இணைப்பாக வையுங்கள். மூன்று தரப்பினரும் ஒரே கணக்கை வைத்து விலை சொல்லட்டும்.